ஹார்ட் டிஸ்க் வாங்கப் போறீங்களா, இதைப் படிச்சிட்டு கெளம்புங்க

போன வாரம் எங்க தெரு பையன் ஒருத்தன் ஓடியாந்தான், கையில ஒரு குட்டி டப்பா. "ண்ணா, 16 டிபி எஸ்எஸ்டி ண்ணா, ஆன்லைன்ல ஆஃபர், 1,499 ரூபா தான், இன்னா சொல்ற?" அப்டின்னான். எஸ்எஸ்டின்னா தட்டு சுத்தாம சிப்புலயே ஃபைலை வச்சுக்கிற டிரைவ், 1 டிபின்னா ஆயிரம் ஜிபி. நான் இன்னா சொல்றது, கையில வாங்கினதுமே தெரிஞ்சிடுச்சு, வெயிட்டே இல்ல, காலி தீப்பெட்டி மாதிரி கீது. கம்ப்யூட்டர்ல சொருகினா கரெக்டா 16 டிபின்னு தான் காட்டுது, ஃபைல் போட்டா ஏறவும் செய்யுது, பேஜாரே அதுல தான். நகத்தால நெம்புனேன், மூடி பிரிஞ்சு வந்துச்சு, உள்ள ஒரு சின்ன போர்டு, அதுல செல்போன்ல போடுற மெமரி கார்டு ஒண்ணு, 64 ஜிபி, மீதி இடம் பூரா காலி. பையன் மூஞ்சி போன போக்கை பாக்கணுமே. "அப்ப நான் நேத்து ராத்திரி ஏத்துன படம் எல்லாம்?"னு கேக்குறான். மொத 64 ஜிபி இருந்தா உண்டுடா, அப்பால போனது எல்லாம் பேரு மட்டும் லிஸ்ட்ல இருக்கும், உள்ள ஒண்ணும் இருக்காதுன்னேன்.

நான் சென்னை தண்டையார்பேட்டையில, முன்னாடி அகஸ்தியா தியேட்டர் இருந்த பக்கம், கல்யாண வீடியோ எடிட்டிங் பண்றேன். டிரைவ் தான் நம்ம பொழப்பே, அதனால ஏரியாவுல யாரு ஹார்ட் டிஸ்க் வாங்குனாலும் முன்னாடியோ பின்னாடியோ நம்ம கிட்ட வந்து நிப்பாங்க, பெரும்பாலும் பின்னாடி தான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதிட்டேன்.

மொதல்ல இப்ப மார்க்கெட்ல எந்த சைஸ் வரைக்கும் நெஜமாவே வருதுன்னு தெரிஞ்சுக்கோங்க, அது தெரிஞ்சாலே பாதி டுபாக்கூர் மாட்டிக்கும். பாக்கெட்ல போடுற 2.5 இஞ்ச் ஹார்ட் டிஸ்க், அதாவது உள்ள தட்டு சுத்துறது, ரொம்ப வருஷமா 5 டிபியிலயே நின்னுகிட்டு இருந்துச்சு, 2024 மே மாசம் தான் வெஸ்டர்ன் டிஜிட்டல் 6 டிபி கொண்டாந்தாங்க. பாக்கெட் எஸ்எஸ்டியில கடைகள்ல சாதாரணமா கெடைக்கிறது 1, 2, 4 டிபி, சாம்சங் டி5 ஈவோ மாதிரி ஒண்ணு ரெண்டு 8 டிபி வரைக்கும் போகும், ஆனா அந்த வெலைக்கு ஒரு நல்ல செகண்ட் ஹேண்ட் பைக் எடுத்துடலாம். மேசை மேல வைக்கிற 3.5 இஞ்ச் டிரைவ் தான் ராட்சஸ சைஸ். அதுல சீகேட் 2025ல 30 டிபி டிரைவ் கடைக்கே வித்தாங்க, தட்டுல எழுதுற எடத்தை லேசர் வச்சு ஒரு கண் சிமிட்டுறதுக்குள்ள 400 டிகிரிக்கு மேல சூடாக்கி எழுதுற டெக்னாலஜி, ஹாமர்னு பேரு. 1956ல ஐபிஎம் போட்ட முத ஹார்ட் டிஸ்க்ல 24 இஞ்ச் தட்டு அம்பது, எடை ஒரு டன்னுக்கு மேல, அதுல ஏறுனது 50 லட்சம் எழுத்து. இப்ப நம்ம செல்போன்ல எடுக்குற ஒரே ஒரு போட்டோவுக்கு அதுல எடம் பத்துமாங்கறதே சந்தேகம்.

ஆக, விரல் நீள டப்பாவுல 16 டிபி, 30 டிபின்னு ரெண்டாயிரம் ரூபாய்க்குள்ள எவன் வித்தாலும் அது டுபாக்கூர். யோசிக்கவே வேணாம்.

சரி, உங்களுக்கு எது? இதுக்கு நான் ஒரு கணக்கு வச்சிருக்கேன். எங்க வேலையில 4கே வீடியோ 100 எம்பிபிஎஸ்ல (நொடிக்கு 100 மெகாபிட், எட்டு பிட் சேந்தா தான் ஒரு பைட்) எடுத்தா ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. ரிசப்ஷன், முகூர்த்தம் ரெண்டும் சேத்து மூணு கேமராவுல மொத்தம் பத்து மணி நேர ஃபுட்டேஜ்னா 450 ஜிபி, போட்டோ ரா ஃபைல் ஒரு 100 ஜிபி, ஆக ஒரு கல்யாணம் 550 ஜிபி. 5 டிபி டிரைவ்னா எட்டு கல்யாணம், டைட்டா அடைச்சா ஒம்போது. உங்களுக்கு கல்யாண கணக்கு வேணாம், வீட்டு போட்டோ, புள்ளைங்க ஸ்கூல் வீடியோ, ஆதார் பத்திரம் ஸ்கேன் காப்பி, நாலு படம், அவ்ளோதான்னா இப்ப செல்போனையும் லேப்டாப்பையும் சேத்து எவ்ளோ ஜிபி இருக்குன்னு பாருங்க, அதை மூணால பெருக்குங்க, அது தான் உங்க சைஸ். பெரும்பாலான வீட்டுக்கு 1 இல்ல 2 டிபி தாராளம்.

இங்க தான் நான் எல்லார்கிட்டயும் சண்டை போடுவேன். "எப்படியும் வாங்குறோம், 5 டிபியா வாங்கிடலாம், ரேட் கம்மியா வருதுல்ல"ன்னு சொல்லுவாங்க. வாங்காதீங்க. அதே துட்டுல கொஞ்சம் முன்ன பின்ன போட்டா 2 டிபி ரெண்டு வரும், ரெண்டுலயும் ஒரே சரக்கை போடுங்க. பெரிய டிரைவ் ஒண்ணு செத்தா மொத்தமும் போச்சு, சின்னது ரெண்டுல ஒண்ணு செத்தா கடைக்கு போயி இன்னொண்ணு வாங்கி காப்பி போட்டா முடிஞ்சுது. இதை நான் புஸ்தகத்துல படிச்சு சொல்லல. 2018ல திருவொற்றியூர்ல ஒரு மண்டபத்துல கார்டுல இருந்து டிரைவுக்கு காப்பி ஓடிகினு இருக்கு, டிரைவை ஸ்பீக்கர் பாக்ஸ் மேல வச்சிட்டு சாப்புட போனேன், எவனோ ஒரு வாண்டு ஒயரை இழுத்துட்டான். ரெண்டரை அடி ஒசரம் தான். எடுத்து சொருகுனா டக், டக், டக். அதுக்கு முன்னாடி ஏத்தி முடிச்ச கார்டுங்களை வேற அழிச்சிட்டு மறுபடி கேமராவுல போட்டாச்சு. ரெகவரி பண்றவர் கிட்ட போயி பாதி திரும்ப வந்துச்சு, ரிசப்ஷன் வந்துச்சு, தாலி கட்டுற சீன் வரல. பொண்ணோட அப்பா திட்டல, ஒண்ணுமே பேசாம உக்காந்துட்டாரு, அதை விட திட்டி இருக்கலாம். அன்னைலேருந்து ரெண்டு டிரைவ்ல ஏறாம கார்டை அழிக்கிறதில்ல.

ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியாங்கற கேள்விக்கு வருவோம். தூக்கிகினு அலையுறதுக்கு எஸ்எஸ்டி, வீட்ல வச்சு பூட்டுறதுக்கு ஹார்ட் டிஸ்க், எங்கிட்ட கேட்டா இவ்ளோதான். எஸ்எஸ்டியில சுத்துற தட்டு கிடையாது, பைக் டாங்க் கவர்ல போட்டுகினு எண்ணூர் ஹைவேஸ் பள்ளத்துல போனாலும் ஒண்ணும் ஆகாது. ஹார்ட் டிஸ்க்ல தட்டுக்கும் அதைப் படிக்கிற ஹெட்டுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி சில நானோமீட்டர் தான், தலைமுடியோட தடிமன்ல பல ஆயிரத்துல ஒரு பங்கு, ஓடும்போது ஒரு தட்டு தட்டுனா போதும். ஆனா வெலை, டிபிக்கு டிபி பாத்தா எஸ்எஸ்டி ரெண்டு மூணு மடங்கு வரும், அதுவும் 2025 கடைசியிலேருந்து ஏஐ டேட்டா சென்டர்காரங்க சிப்பை எல்லாம் வாரிகினு போறதுல எஸ்எஸ்டி வெலை ஏறிகிட்டே இருக்கு, ஹார்ட் டிஸ்க்கும் சேந்து தான் ஏறுது. போன வருஷ ரேட்டை மனசுல வச்சுகினு கடைக்கு போனா ஏமாந்து தான் போவீங்க.

இன்னொரு விஷயம் எஸ்எஸ்டி வாங்கறவங்களுக்கு. அதை வருஷக்கணக்கா கரண்டே குடுக்காம பெட்டியில போட்டு வைக்காதீங்க. எஸ்எஸ்டியில டேட்டா இருக்குறது மின்சாரமா தான், அது மெதுவா கசியும். ஜெடெக்னு சிப்புக்கெல்லாம் தரநிலை வகுக்குற ஒரு அமைப்பு இருக்கு, அவங்க கணக்குல முழுசா உழைச்சு தேஞ்ச சாதாரண எஸ்எஸ்டி, கரண்டு இல்லாம 30 டிகிரியில ஒரு வருஷம் டேட்டாவை தாங்கணும். புதுசுன்னா அதை விட ரொம்ப நாள் தாங்கும், பயப்பட வேணாம், ஆனா நம்மூர் மே மாசத்துல பரண் மேல 30 டிகிரியா இருக்கும்? அதனால ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சொருகி கொஞ்ச நேரம் ஓட விடுங்க.

ஹார்ட் டிஸ்க் வாங்குனா ஒண்ணு எதிர்பாருங்க, மொதல்ல ஜோரா 120, 130 எம்பி வேகத்துல ஏறும், அப்பால திடீர்னு படுத்துக்கும். டிரைவ் கெட்டுப் போச்சுன்னு நெனச்சு திருப்பி குடுக்க ஓடுவாங்க. கெடல. இப்ப வர்ற போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் எஸ்எம்ஆர் முறை. ஓட்டு வீட்ல ஓடு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கும்ல, அதே மாதிரி தட்டுல எழுதுற கோடு ஒண்ணு மேல ஒண்ணு கொஞ்சம் ஏறி இருக்கும், எடம் மிச்சம். நடுவுல ஒரு ஓட்டை மாத்தணும்னா பக்கத்து ஓட்டையும் பிரிச்சு மேயணும், அதான் பெரிய காப்பி ஓடும்போது மூச்சு வாங்குது. ஒரு தடவை எழுதி வச்சிட்டு அப்பப்ப எடுத்து பாக்கறதுக்கு இது போதும். அதுலேருந்தே நேரா எடிட்டிங் பண்ணலாம்னு மட்டும் நெனைக்காதீங்க.

அப்பால ஒயரு. வேகம் வரலன்னு சொல்ற பத்து பேர்ல பாதி பேருக்கு குத்தம் ஒயர்ல தான். யூஎஸ்பி 2.0ன்னா பேருக்கு 480 எம்பிபிஎஸ், கைக்கு கெடைக்கறது நொடிக்கு 35, 40 எம்பி. அதுல 1 டிபி காப்பி போட எட்டு மணி நேரம், ராத்திரி பூரா. செல்போன் சார்ஜர் கூட வர்ற சி டைப் ஒயர் பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா அதுல நெறைய உள்ளுக்குள்ள 2.0 கம்பி தான் போட்டிருப்பான், அதை எஸ்எஸ்டியில மாட்டிட்டு "1,050 எம்பின்னு போட்டிருக்கான், 40 தான் வருது"ன்னு புலம்புவாங்க. டிரைவ் கூட குடுத்த ஒயரையே யூஸ் பண்ணுங்க, அதுல டேப் ஒட்டி பேரு எழுதி வச்சுக்கோங்க, வீட்ல சார்ஜ் போட தூக்கிட்டு போயிடுவாங்க. பழைய மாடல் ஹார்ட் டிஸ்க்ல அகலமா ரெண்டு பல்லு மாதிரி ஒரு சாக்கெட் இருக்கும் பாருங்க, அதுல பழைய செல்போன் சின்ன பின் கூட உக்காரும், வேலையும் செய்யும், ஆனா 2.0 வேகம் தான்.

கம்ப்யூட்டர் பக்கமும் பாக்கணும். பழைய மெஷின்ல நீல கலர் ஓட்டை தான் யூஎஸ்பி 3.0, நொடிக்கு 5 ஜிபிட், ஹார்ட் டிஸ்க்குக்கு அதுவே அதிகம். 1,050 எம்பி எஸ்எஸ்டிக்கு 10 ஜிபிட் போர்ட் வேணும். 2,000 எம்பின்னு விளம்பரம் பண்றானே, சாம்சங் டி9 மாதிரி, அதுக்கு 3.2 ஜென் 2x2னு தனி போர்ட் வேணும், பெரும்பாலான லேப்டாப்ல அது கெடையாது, இல்லன்னா அதுவும் பாதி வேகத்துல தான் ஓடும். போர்ட் இல்லாம அதை வாங்குறது, ஸ்கூட்டிக்கு லாரி டயர் வாங்குற கதை. ஐபோன் வச்சிருக்கவங்களும் பாத்துக்கோங்க, 15 ப்ரோவுல இருந்து நேரா எஸ்எஸ்டியிலயே வீடியோ ரெக்கார்ட் பண்ணலாம், ஆனா சாதா 15ல ஓட்டை சி டைப்பா இருந்தாலும் வேகம் 2.0 தான்.

கடைக்கு போறது. எலக்ட்ரானிக்ஸ் சாமானுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் கடைத்தெரு தான் நம்ம ஊருக்கு, விம்கோ நகர் பக்கம் இருக்கவங்க மெட்ரோ ஏறுனா கவர்மென்ட் எஸ்டேட்ல எறங்கி நடக்குற தூரம், பைக்ல போயி பார்க்கிங்குக்கு அல்லாடாதீங்க. ஆன்லைன்ல வாங்கலாம், தப்பில்ல, ஆனா விக்கிறவன் பேரை பாருங்க, கம்பெனியோட சொந்த ஸ்டோரா, இல்ல ஊரு பேரு தெரியாத எவனாவதான்னு. கடையில போனா "பில் இல்லாம எடுத்துக்கோண்ணே, ரேட்டை கொறச்சுத் தரேன்"னு சொல்லுவாங்க. ஜிஎஸ்டி 18 சதவீதம், ஆசையா தான் இருக்கும். ஆனா டிரைவ்ங்கறது ரெண்டு வருஷம் கழிச்சு வாரன்ட்டிக்கு போயி நிக்கிற பொருள், பில் இல்லன்னா நீங்க யாரோ அவன் யாரோ. பில்லுல சீரியல் நம்பரை எழுத சொல்லுங்க. அங்கயே நின்னு, செல்போன்ல கம்பெனி வெப்சைட்ல அந்த நம்பரை போட்டு வாரன்ட்டி இந்தியாவுக்கு இருக்கா, எத்தன வருஷம்னு பாருங்க. வெளிநாட்டுலேருந்து வந்த சரக்குன்னா இங்க வாரன்ட்டி இல்லன்னு காட்டும். கடைக்காரர் மொறைப்பாரு, மொறைக்கட்டும். வாரன்ட்டியில டிரைவை தான் மாத்தித் தருவாங்க, உள்ள இருந்த டேட்டாவுக்கு அவங்க பொறுப்பில்ல, இதை நெறைய பேரு மறந்துடுறாங்க.

பழைய டிரைவை புது டப்பாவுல போட்டு விக்கிறதும் நடக்குது. நம்மூர்ல மட்டும்னு நெனைக்காதீங்க, 2025 ஆரம்பத்துல ஜெர்மனியில பெரிய டேட்டா சென்டர் டிரைவையே ஓடுன மணிக்கணக்கை அழிச்சிட்டு புதுசுன்னு வித்தது அம்பலமாச்சு. வீட்டுக்கு வந்ததும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர் இருக்கு, அதை போட்டு பாருங்க. பவர் ஆன் ஹவர்ஸ்னு ஒரு வரி இருக்கும், புது டிரைவ்னா ஜீரோவோ ஒண்ணோ ரெண்டோ (மணிக்கணக்கை அழிச்சு வச்சிருந்தா மட்டும் இதை நம்ப முடியாது). 4,000 மணி நேரம்னு காட்டுனா அது யாரோட ஆபீஸ்லயோ உழைச்சிட்டு வந்த கிழவன், அன்னைக்கே திருப்பி குடுத்துடுங்க.

இப்ப முக்கியமான வேலை, டெஸ்ட். புது டிரைவ்ல ஒரு ஃபைல் கூட போடறதுக்கு முன்னாடி இதை செய்யணும், போட்டதுக்கு அப்பால செஞ்சா வெட்டி. விண்டோஸ்ல எச்2டெஸ்ட்டபிள்யூன்னு ஒரு குட்டி புரோகிராம், ஜெர்மன் கம்ப்யூட்டர் பத்திரிகைக்காரங்க போட்டது, காசு இல்ல. மேக், லினக்ஸ்னா எஃப்3. அது இன்னா பண்ணும்னா டிரைவ் நெறையற வரைக்கும் தானே ஃபைல் எழுதும், அப்பால எழுதுனது எல்லாம் அப்படியே இருக்கான்னு திரும்ப படிச்சு பாக்கும். டுபாக்கூர் டிரைவ்ல எழுதுறது ஜோரா நடக்கும், படிக்கும்போது மாட்டிக்கும், ஏன்னா உள்ள இருக்குற சிப்புக்கு பொய் சொல்ல கத்து குடுத்திருக்கான், 64 ஜிபிக்கு மேல வர்றதை எல்லாம் பழசு மேலயே எழுதிடும், இல்ல அப்படியே கீழ கொட்டிடும், ஆனா கம்ப்யூட்டர் கிட்ட "ஏறிடுச்சு"ன்னு தலையாட்டும். நம்ம பையன் டப்பாவை இதுல தான் ஓட்டி, சிவப்பா வந்த ரிசல்ட்டை போட்டோ எடுத்து புகார் போட்டோம், துட்டு திரும்ப வந்துச்சு.

4 டிபி ஹார்ட் டிஸ்க்குக்கு இது லேசுல முடியாது, எழுத ஒரு ராத்திரி, படிக்க ஒரு பகல் ஆகும், தட்டோட வெளிப்பக்கம் வேகமாவும் உள்பக்கம் மெதுவாவும் தான் ஓடும். ஓடட்டும், ஃபேன் காத்து படுற எடத்துல வச்சிட்டு வேற வேலைய பாருங்க. கோளாறோட வந்த புது ஹார்ட் டிஸ்க் சிலது சீக்கிரமே செத்துடும், அது உங்க கல்யாண ஆல்பம் ஏறறதுக்கு முன்னாடியே செத்தா லாபம் தானே. டெஸ்ட் முடிஞ்சதும் மறுபடி கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவை தொறந்து ரீஅலோகேட்டட் செக்டார் (கெட்டுப் போயி ஒதுக்குன எடம்), கரன்ட் பெண்டிங் செக்டார் (சந்தேகமா இருக்குற எடம்) ரெண்டு வரியும் ஜீரோவான்னு பாருங்க. மஞ்சள்ல காஷன்னு வந்தா மாத்திடுங்க.

2 டிபி வாங்குனேன், 1.81 தான் காட்டுது, திருடிட்டான்னு ஒருத்தர் கடையில சண்டையே போட்டாரு. அது திருட்டு இல்ல, கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமா எண்ணுறான், விண்டோஸ் 1,024ஆ எண்ணுது, அதே சரக்கு தான். 1 டிபி 931 ஜிபின்னு காட்டும், 5 டிபி 4.54னு காட்டும்.

ஃபார்மட், அதாவது டிரைவ்ல ஃபைலை அடுக்குற முறை. விண்டோஸ்ல மட்டும்னா என்டிஎஃப்எஸ், மேக், போன், விண்டோஸ் மூணுலயும் வேணும்னா எக்ஸ்ஃபேட். ஃபேட்32 பக்கமே போவாதீங்க, 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைல் ஏறாது. எக்ஸ்ஃபேட்ல ஒரு வீக்னஸ், பாதி எழுதும்போது புடுங்கிட்டா என்டிஎஃப்எஸ் மாதிரி தன்னைத் தானே சரி பண்ணிக்க அதுல ஏற்பாடு கம்மி, அதனால எஜெக்ட் பண்ணாம கழட்டாதீங்க. ஹார்ட் டிஸ்க்னா எஜெக்ட் குடுத்தும் பத்து எண்ணுங்க, உள்ள சுத்துறது நின்ன அப்பால கையில தூக்குங்க. டிவியில போட்டு படம் பாக்க வாங்குறவங்க, டிவி பழசா இருந்தா 2 டிபிக்கு மேல சிலது படிக்காது, டிவி மேனுவலை ஒரு தடவை பாத்துட்டு வாங்குங்க.

காப்பி போடும்போது சும்மா இழுத்து விட்டுட்டு போயிடாதீங்க. டெராகாப்பின்னு காப்பி போடுற சாஃப்ட்வேர்ல வெரிஃபைன்னு ஒரு டிக் இருக்கு, அதை போட்டா ஏறுன ஃபைலும் ஒரிஜினலும் ஒண்ணான்னு ஒப்பிட்டு சொல்லும், நேரம் கூட ஆகும், பரவால்ல. அப்பால மாசா மாசம் ரெண்டாவது டிரைவை மொதலாவதோட சமம் பண்ண ஃப்ரீஃபைல்சிங்க்ங்கற சாஃப்ட்வேர் போதும். பத்திரம், பேங்க் பேப்பர் இருந்தா டிரைவை பாஸ்வேர்டு போட்டு பூட்டுற பிட்லாக்கர் போடுங்க, விண்டோஸ் ஹோம்ல புதுசா போட முடியாது, ப்ரோ வேணும், இல்லன்னா வெராகிரிப்ட். பாஸ்வேர்டு மறந்தா கடவுளே வந்தாலும் தொறக்காது, பேப்பர்ல எழுதி பீரோவுல வைங்க.

எங்க வைக்கிறதுங்கறது நம்ம ஏரியாவுக்கு தனி பாடம். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் கடலோரம் இருக்கவங்க ஜன்னல் கம்பியை பாருங்க, ரெண்டு வருஷத்துல பொரி பொரியா துரு. அதே உப்பு காத்து தான் டிரைவோட சாக்கெட்லயும் படும், பச்சையா களிம்பு புடிக்கும், அப்பால சொருகுனா வரும், ஆட்டுனா போவும். ஜிப் போட்ட கவர்ல, செருப்பு டப்பாவுல வருமே சிலிக்கா ஜெல் பாக்கெட், அதை ரெண்டு மூணு சேத்து போட்டு வைங்க, காசே இல்ல. ஜெல் பழசானா ஈரம் இழுக்காது, மாத்திடுங்க.

தண்ணி. 2015 டிசம்பர் வெள்ளத்தை பாத்தோம், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப எர்ணாவூர் பக்கம் வெள்ளத்தோட எண்ணெயும் சேந்து வீட்டுக்குள்ள வந்துச்சு, அந்த கறை செவுத்துல மாசக்கணக்கா போவல. கம்ப்யூட்டர் மேஜையோட கீழ் தட்டுல டிரைவை வைக்கிற பழக்கத்தை விடுங்க. பரணும் வேணாம், வெயில்ல சுடும். பீரோவோட மேல் தட்டு தான் கரெக்ட். ரெண்டாவது டிரைவ் அதே பீரோவுல இருந்தா பிரயோஜனம் இல்ல, வேற வீட்ல இருக்கணும். என்னோடது பெரம்பூர்ல அக்கா வீட்ல, மூணாவது மாடி, அக்கா "இது இன்னாடா குண்டா, தங்கமா, மாசம் ஒரு தடவை வந்து மாத்திகினு போற"ன்னு கேக்கும். மாத்துற சாக்குல சோறும் போடும்.

நனைஞ்சிடுச்சுன்னா அரிசி மூட்டையில பொதைக்கிறது, ஹேர் டிரையர் போடுறது எல்லாம் வேணாம். முக்கியமா "வேலை செய்யுதா பாப்போம்"னு கரண்டு குடுக்காதீங்க, ரெகவரிக்காரர் கிட்ட அப்படியே குடுங்க. டக் டக்னு சத்தம் வந்தாலும் அதே தான், ஒடனே கழட்டிடுங்க, ஒவ்வொரு தடவை மறுபடி சொருகும்போதும் ஹெட்டு தட்டை சொரண்டுது. ஃப்ரிட்ஜ்ல வச்சா சரியாகும்னு வாட்ஸ்அப்ல வர்றதை நம்பாதீங்க, வெளிய எடுத்ததும் நம்ம ஊரு காத்துல தண்ணி கோத்துக்கும். ரெகவரி வெலை டிரைவ் வெலையை விட பல மடங்கு சொல்லுவாங்க, உண்மையிலேயே அவ்ளோ தான் ஆகும். குடுக்கறதுக்கு முன்னாடி "பாக்க எவ்ளோ, எடுக்க எவ்ளோ, எடுக்க முடியலன்னா எவ்ளோ"ன்னு மூணையும் தனித்தனியா கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. சில போர்ட்டபிள் டிரைவ்ல யூஎஸ்பி சாக்கெட் டிரைவ் போர்டுலயே ஒட்டி வரும், டப்பாவை ஒடச்சு கம்ப்யூட்டர்ல நேரா மாட்டிடலாம்னு நெனச்சு ஒடைக்காதீங்க, உள்ள மாட்டுறதுக்கு சாட்டா சாக்கெட்டே இருக்காது.

கடைசியா பழசு. ஓடுற நிலையில இருந்தா விக்கிறதுக்கு முன்னாடி ஹார்ட் டிஸ்க்னா க்விக் ஃபார்மட் டிக்கை எடுத்துட்டு முழு ஃபார்மட் போடுங்க, க்விக்ல அட்டவணை தான் போவும், சரக்கு உள்ளயே இருக்கும், எவனாவது ஃப்ரீ சாஃப்ட்வேர் போட்டு உங்க வீட்டு போட்டோவை எல்லாம் எடுத்துடுவான். செத்ததை அப்படியே பழைய இரும்புக்காரருக்கு போட்டுடாதீங்க. நான் ஆறு முனை ஸ்டார் (டார்க்ஸ்) ஸ்க்ரூடிரைவர் வச்சு கழட்டி தட்டை ஆணியில கீறி விட்டுட்டு தான் போடுவேன். உள்ள ரெண்டு காந்தம் இருக்கும், விரலை கடிச்சுடும், அவ்ளோ பவரு. 2018ல விழுந்தது இருக்கே, அதோட காந்தம் இப்ப எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் கதவுல, டிரைவ் மாத்துற தேதி எழுதுன சீட்டை புடிச்சுகினு கீது.